கால் டன் டிரெய்லரைக் கூடாரப் பயண வண்டியாக்குதல்: வேலை வரிசையும் எடைக் கணக்கும்

லாரிக்குக் கூடு கட்ட நாமக்கல், பஸ்ஸுக்குக் கரூர், ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு என்று ஊருக்கு ஊர் பட்டறை உள்ள நாடு நம்முடையது. ஜீப்புக்குப் பின்னால் இழுத்துச் செல்ல ராணுவப் பாணியில் இரண்டு சக்கர டிரெய்லர் செய்து தர ஆளுக்குப் பஞ்சமில்லை. எதை எவ்வளவு எடையில், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை மட்டும் நாம்தான் பட்டறைக்காரரிடம் சொல்ல வேண்டும்.

மூன்று டிரெய்லர்கள் கட்டி முடித்திருக்கிறேன். ஒன்று எனக்கு, மற்ற இரண்டும் பங்காளிகளுக்கு. மூன்றிலும் வரிசை தவறியதால் ஏதாவது ஒன்றைப் பிரித்துத் திரும்பச் செய்ய நேர்ந்தது. கீழே உள்ள வரிசை அப்படிக் கிடைத்ததுதான்.

1. காகிதம் முதலில்

சட்டத்தின் கண்ணில் டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவில் உள்ள விளக்கத்திலேயே டிரெய்லர் சேர்ந்திருக்கிறது. ஆகவே பதிவு வேண்டும், எண் பலகை வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்பது 52ஆவது பிரிவு.

கையால் வரைந்த படம், நீள அகலம், எதிர்பார்க்கும் மொத்த எடை ஆகியவற்றை எழுதி எடுத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். இரும்பு வாங்குவதற்கு முன்பே போக வேண்டும். கட்டி முடித்துவிட்டுப் போனால், அவர்கள் சொல்லும் திருத்தம் ஒவ்வொன்றும் கட்டர் சக்கரத்தோடுதான் தொடங்கும்.

ஏலத்தில் போன பழைய ராணுவ டிரெய்லர் என்று சொல்லி யாராவது காட்டினால், ஏலக் காகிதம் எங்கே என்று முதலில் கேளுங்கள். காகிதம் இல்லாத டிரெய்லர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தோட்டத்துக்குள் தேங்காய் இழுக்க மட்டுமே ஆகும். டிராக்டர் டிரெய்லரின் பதிவைக் காட்டி ஜீப்பில் இழுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். சோதனைச் சாவடியில் அந்தக் கதை எடுபடாது.

அடுத்து, இழுக்கும் வண்டியின் கையேட்டைத் திறந்து, இழுவைக்கு எவ்வளவு எடை அனுமதி என்று பாருங்கள். அனுமதியே இல்லை என்று எழுதியிருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் கேள்வி அனுப்பி, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. எடைக் கணக்கு

கால் டன் என்பது டிரெய்லரின் சொந்த எடையைக் குறிப்பதில்லை. அமெரிக்க ராணுவத்தின் எம் 416 வகையில் அது காட்டுப் பாதையில் ஏற்றக்கூடிய 500 பவுண்டுச் சுமை, அதாவது சுமார் 227 கிலோ. தார்ச்சாலையில் 750 பவுண்டு, சுமார் 340 கிலோ. வெறும் டிரெய்லர் சுமார் 260 கிலோ இருக்கும். நாம் போவது காட்டுப் பாதை என்பதால் 227 என்ற எண்ணையே சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆசைகளை எடை போடுவோம். தகர மூடி 35 கிலோ, டிரெய்லரின் மேலேயே விரியும் மேல்கூடாரம் 55, அதைத் தாங்கும் சட்டம் 30, பேட்டரிப் பெட்டி 20, தண்ணீர் 40, அடுப்பும் பாத்திரமும் 25, குளிர்பெட்டியும் உணவும் 35, உதிரிச் சக்கரம் 25, ஜாக்கியும் கருவிகளும் 15. கூட்டினால் 280. ஒரு பொருள்கூட ஆடம்பரமாகத் தெரியவில்லை. ஆனாலும் 53 கிலோ கூடுதல்.

புதியவர்கள் இங்கே உடனே, அச்சின் மேல் சுமையைத் தாங்கும் வில்பட்டையைக் கூட்டிவிடலாம் என்பார்கள். பட்டை கூடினால் அச்சும் பேரிங்கும் பிரேக்கும் கூடிவிடாது. மேல்கூடாரத்தை விட்டுத் தரையில் அடிக்கும் 12 கிலோ கூடாரத்துக்கு மாறினால் 43 கிலோ மிச்சம். அதைத் தாங்கும் சட்டமும் வேண்டாம் என்பதால் இன்னும் 30. ஆக 207 கிலோவில் நிற்கும். டிரெய்லரோடு சேர்த்து மொத்தம் 467.

இன்னொரு காரணமும் உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் கூடாரம் அடித்தவர்களுக்குத் தெரியும், உயரத்தில் இருக்கும் துணி இரவு முழுவதும் தூங்க விடாது. காற்றாலை நிற்கும் ஊரில் மேல்கூடாரம் எனக்குப் பிடிக்காது.

3. அச்சு, சக்கரம், பட்டை

இழுக்கும் வண்டியின் இரு சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலமே டிரெய்லருக்கும் இருக்க வேண்டும். மழை பெய்து தடம் விழுந்த வண்டிப்பாதையில், ஜீப் அழுத்திய தடத்திலேயே டிரெய்லரும் உருண்டு வர வேண்டும். அகலம் மாறினால் அது தனியாக ஒரு தடம் வெட்டிக்கொண்டு வரும், இழுவையும் கூடும்.

சக்கரமும் அதே வகையாக இருந்தால் ஒரே உதிரிச் சக்கரம் இரண்டுக்கும் போதும். பழைய ஜீப், ஜிப்சி, ஜிம்னி ஆகியவற்றில் 5 துளை, 139.7 மி.மீ. வட்டம். துளை ஒத்துப்போவதால் மட்டும் வாங்கிவிடாதீர்கள். நடுத் துளையின் அளவும், ரிம் உள்ளே வெளியே தள்ளும் அளவும் வேறாக இருக்கலாம். கோவை உக்கடம் பழைய சாமான் கடைகளுக்குப் போகும்போது, சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதியான ஹப்பையே கையில் எடுத்துப் போய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

வில்பட்டை விஷயத்தில் பட்டறைக்காரரோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். லாரிக்குப் பழகிய கை அது. நம் மேல் உள்ள அக்கறையில், இன்னும் இரண்டு பட்டை சேர்த்துத் தருகிறேன் என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். 467 கிலோ வண்டிக்கு விறைத்த பட்டை போட்டால் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் எகிறும். உள்ளே முட்டை மட்டும் உடைவதோடு போகாது, வெல்டிங்கும் விடும். டயர் காற்றிலும் அதே கதைதான். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது உச்ச அளவு. இந்த எடைக்கு 20 முதல் 22 பி.எஸ்.ஐ. வரை வைத்து ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யலாம்.

உயரம் போதவில்லை என்றால், அச்சுக்குக் கீழே இருக்கும் பட்டைக் கட்டு முழுவதையும் அச்சுக்கு மேலே மாற்றலாம். அச்சுக் குழாயின் விட்டமும் பட்டைக் கட்டின் கனமும் சேர்ந்த அளவுக்கு வண்டி உயரும். ஜீப்போடு மாட்டும் இழுவை வளையத்தின் உயரமும் அப்போது மாறிவிடும் என்பதால், இதை முடிக்காமல் அடுத்த பகுதிக்குப் போகக் கூடாது.

பேரிங்கில் நடக்கும் தவறு ஒன்றுதான், ஆட்டம் இருக்கக் கூடாது என்று நட்டை இறுக்கி முறுக்குவது. கூம்பு உருளை பேரிங்கைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு சற்றுத் தளர்த்தி, பின்னை மாட்ட வேண்டும். சூடானால் விரிவதற்கு இடம் தேவை. என் முதல் டிரெய்லரில் இதைச் செய்யாமல் அந்தியூரிலிருந்து பர்கூர் மலை ஏறினேன். பாதி வழியில் ஹப்பில் கை வைக்க முடியவில்லை. கிரீஸ் உருகி டயரின் உள்பக்கம் முழுவதும் வழிந்திருந்தது. அன்றிலிருந்து ஒரு ஜோடி பேரிங்கும் ஒரு டப்பா கிரீஸும் கருவிப்பெட்டியில் நிரந்தரமாக இருக்கின்றன.

4. கொக்கியும் சங்கிலியும்

இரண்டு வழி உண்டு. ஜீப்பில் 50 மி.மீ. இரும்புக் குண்டும் அதன் மேல் கவிழும் மூடியும் ஒன்று. ராணுவ வண்டிகளில் உள்ள வளையமும் வாய் மூடும் கொக்கியும் மற்றொன்று. தார்ச்சாலைக்கு முதல் வகை சத்தமில்லாமல் வரும். ஓடைக்குள் இறங்கி ஏறும்போது ஜீப் ஒரு பக்கமும் டிரெய்லர் மறுபக்கமும் சாய்ந்தால், குண்டு வகையில் சாய்வுக்கு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் மூடி பிளக்கும், இல்லாவிட்டால் கழன்றுவிடும். வளையம் கொக்கிக்குள் தாராளமாகத் திரும்பும். கடகடவென்று சத்தம் போட்டாலும் எனக்கு வளையம்தான்.

சமதளத்தில் மாட்டியபின், டிரெய்லரிலிருந்து ஜீப்புக்கு நீளும் இழுவைத் தண்டு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். அதன் முன்முனையான மூக்கு தூக்கியிருந்தால் சுமை பின்னால் சரியும்.

பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் தண்டுக்குக் கீழே பெருக்கல் குறி போலக் குறுக்காகப் போக வேண்டும். கொக்கி விட்டுப்போனால் தண்டு தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழுந்து நிற்கும். தரையில் குத்தினால் டிரெய்லர் குட்டிக்கரணம் அடிக்கும். திருப்பத்தில் இழுபடாத அளவுக்கு மட்டும் தொய்வு விடுங்கள். சங்கிலியை மாட்டும் ஷாக்கிளில் தாங்கும் எடை பொறித்திருக்க வேண்டும், கடைத்தெரு அலங்கார வளையம் உதவாது.

5. முன்பாரம்

பார வண்டி ஓட்டிய தலைமுறையிடம் இதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. பின்பாரமாக ஏற்றினால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். எங்கள் அப்பாரு மஞ்சள் மூட்டை ஏற்றியதும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டைப் பூட்டுவார். அந்தக் கை அழுத்தம்தான் இந்த வேலையில் எல்லாவற்றையும்விட முக்கியமான அளவு.

மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு வளையத்தில் அழுத்த வேண்டும். 467 கிலோவுக்கு 46, 47 கிலோ. மிகவும் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். அதிகமானால் ஜீப்பின் பின்பகுதி அமுங்கி, முன் சக்கரத்தின் பிடிப்பு குறையும்.

பெட்டிகளை வெல்டிங் செய்வதற்கு முன்பே இதை அளக்க வேண்டும். டிரெய்லரின் சுமைத் தொட்டிக்குள் சாக்பீஸால் எது எங்கே என்று கோடு போடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பதிலாக அதே எடைக்கு அரிசி மூட்டையும் 20 லிட்டர் தண்ணீர் கேன்களும் வையுங்கள். லாரி எடைமேடை இதற்கு ஆகாது, அதில் ஐந்தும் பத்துமாகத்தான் எண் ஏறும். கொப்பரைக் களத்திலோ மஞ்சள் மண்டியிலோ உள்ள பிளாட்பாரத் தராசைக் கேட்டு வாங்கி, கொக்கியின் உயரத்துக்கு மரக்கட்டை நிறுத்தி, அதன் மேல் வளையத்தை இறக்குங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டிருக்க வேண்டும்.

கணக்கு எளிது. அச்சிலிருந்து வளையம் வரை 170 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 25 கிலோ உதிரிச் சக்கரத்தை அச்சுக்குப் பின்னால் 85 செ.மீ. தள்ளிப் பின்கதவில் மாட்டினால், 25ஐ 85ஆல் பெருக்கி 170ஆல் வகுக்க வேண்டும். மூக்கில் 12.5 கிலோ குறையும். அதே சக்கரத்தை அச்சுக்கு முன்னால் 60 செ.மீ.யில் வைத்தால் 8.8 கிலோ கூடும். ஒரு சக்கரத்தின் இடமாற்றத்தில் மட்டும் 21 கிலோ வித்தியாசம்!

படத்தில் பார்க்க அழகாக இருக்கிறது என்று பின்கதவில் சக்கரம் மாட்டியது என் சொந்த அனுபவம். அவிநாசி நெடுஞ்சாலையில் மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் ஒரு பஸ் கடந்து போன காற்றுக்கே டிரெய்லர் இடமும் வலமுமாக வீசத் தொடங்கியது. அப்படி நடந்தால் பிரேக்கை அழுத்தாதீர்கள், ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி ஈடுகட்டவும் முயலாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் வேகம் குறையக் குறைய அடங்கும். மறுநாளே சக்கரத்தை முன்னால் மாற்றினேன்.

தண்ணீரை மட்டும் அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். அது நாளுக்கு நாள் குறைவதால் மூக்கின் அழுத்தம் மாறாமல் இருக்க வேண்டுமென்றால் வேறு இடமில்லை.

6. வெல்டிங்கும் மூடியும்

சாக்பீஸ் கோடு உறுதியானபின் வெல்டிங். இழுவைத் தண்டின் மேல் முகத்திலும் அடி முகத்திலும் துளை போடக் கூடாது, குறுக்காக வெல்டிங் ஓட்டவும் கூடாது. வளைவு விசை முழுவதும் அந்த இரு முகங்களில்தான் வருகிறது. எதையாவது மாட்ட வேண்டுமென்றால் பக்கவாட்டில் யு போல்ட் போட்டு மாட்டுங்கள்.

வெல்டிங் எர்த் கிளாம்ப்பை வெல்டிங் நடக்கும் இரும்பிலேயே, அருகிலேயே கடிக்க வையுங்கள். வசதிக்காகச் சக்கரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய் உருளைகளில் பொரிப்பொரியாகத் தழும்பு விழும். ஆயிரம் கிலோமீட்டர் போனபின் பேரிங் கத்தும்போது, காரணம் யாருக்கும் புரியாது.

மூடிக்கு ரப்பர் பீடிங் ஒட்டினால் போதும் என்று எல்லோரும் நினைப்போம். காங்கேயம், தாராபுரம் பக்கத்துச் செம்மண் பாதையில் ஒரு மணி நேரம் போய்விட்டுத் திறந்து பாருங்கள், அரிசி சிவந்திருக்கும். ஓடும் வண்டியின் பின்புறம் காற்றழுத்தம் குறைவதால் புழுதி சந்து வழியே உறிஞ்சப்படுகிறது. மூடியின் முன்பக்கம் உயரத்தில், முன்னோக்கித் திறந்த சிறு துவாரம் வைத்து அதில் பஞ்சு வடிகட்டி போடுங்கள். ஓடும்போது உள்ளே காற்று நிரம்பிச் சந்துகள் வழியாக வெளியே தள்ளும், புழுதி நுழையாது. செலவு சில நூறு ரூபாய்.

7. மின் இணைப்பு

ஏழு முனைப் பிளக்கின் நிற வரிசை இது. 1 மஞ்சள் இடது இன்டிகேட்டர், 2 நீலம் பின் பனிவிளக்கு, 3 வெள்ளை எர்த், 4 பச்சை வலது இன்டிகேட்டர், 5 பழுப்பு வலது பின்விளக்கு, 6 சிவப்பு பிரேக், 7 கறுப்பு இடது பின்விளக்கு. எலக்ட்ரீஷியன் கையில் கிடைத்த நிறத்தில் இழுத்துவிடுவார். இதை எழுதிக் கொடுத்து அவர் பக்கத்திலேயே நில்லுங்கள்.

எர்த்துக்குத் தனிக் கம்பி கட்டாயம். கொக்கி இரும்புதானே, அது வழியாகப் போகட்டும் என்று விட்டால், கிரீஸும் துருவும் உள்ள இடத்தில் தொடர்பு விட்டு விட்டு வரும். பிரேக் அழுத்தினால் இன்டிகேட்டர் மின்னும்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை ஏற்றாதீர்கள், பெரும்பாலும் 50 கிலோவுக்கு மேல் இருக்கும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1280 வாட்-மணி கிடைக்கும். 50 வாட் குளிர்பெட்டி நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 500. விளக்கும் செல்பேசியும் சேர்த்து இரண்டு இரவு தாராளம். ஜீப்பிலிருந்து இதற்கு நேரடியாகக் கம்பி இழுக்காமல் இடையே, மின்னழுத்தத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டி.சி.-டி.சி. சார்ஜர் வையுங்கள். கம்பியின் கனத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். போக வர 12 மீட்டர், 20 ஆம்பியர் என்றால், 6 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 சதுர மி.மீ. போட்டால் கால் வோல்ட்தான் போகும். ஃபியூஸ் ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒட்டினாற்போல் இருக்க வேண்டும்.

8. அடுப்பு

ஒற்றை அடுப்பு போதும். மூன்று பேர் போகும் பயணத்தில் இரவுக்கு அரிசிம்பருப்புச் சோறு, ஒரே பாத்திரம். இரண்டு அடுப்பு வைத்து இழுப்பறை செய்தவர்கள் இரண்டாவதைப் பற்ற வைத்து நான் பார்த்ததில்லை.

5 கிலோ கேஸ் சிலிண்டரை நிமிர்த்தி, மூடிய தொட்டிக்கு வெளியே, இழுவைத் தண்டின் மேல் கூண்டு செய்து வையுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தொட்டியின் அடியில் தேங்கும். அதே தொட்டியில் பேட்டரியும் ரிலேயும் இருந்தால் ஒரு பொறி போதும். சிலிண்டரை முன்னால் கொண்டுவந்ததும் முன்பாரத்தை இன்னொரு முறை அளந்துவிடுங்கள்.

9. பெயின்ட்

எல்லாத் துளையும் எல்லா வெல்டிங்கும் முடிந்த பிறகே பெயின்ட். ஒரு பங்காளி ஆசையில் முதலிலேயே அடித்துவிட்டு, பிறகு பதினொரு இடத்தில் சுரண்டி வெல்டிங் வைத்தார். பதினொன்றும் அடுத்த மழைக்கே துருப்பிடித்தன.

ராணுவப் பச்சை அடிக்காதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 121ஆவது விதி, ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறை வாகனங்களுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. ஏலத்தில் வாங்கியதாக இருந்தாலும் நிறத்தை மாற்ற வேண்டும். மணல் நிறம் நல்லது, நம் புழுதி அதில் தெரியாது. அடிப்பாகத்துக்கு ரெட் ஆக்ஸைடு இரண்டு கை, அதன் மேல் நிறம், பின்னால் சிவப்புப் பிரதிபலிப்புப் பட்டை.

10. ஓட்டிப் பார்ப்பது

வெறும் டிரெய்லரோடு முதலில் 50 கி.மீ. நிறுத்தி, சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கி, இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை பொறுக்காவிட்டால் பேரிங்கைப் பிரிக்க வேண்டும். ஒன்று மட்டும் சூடாக இருந்தாலும் அப்படித்தான். அடுத்து, முழுச் சுமையோடு சமவெளியில் ஒரு நாள். மலை அதற்குப் பிறகு.

வண்டியைப் பின்னால் எடுக்கும் பழக்கத்தைக் காலியான கொப்பரைக் களத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்தால், கை போகும் பக்கமே டிரெய்லர் போகும். குட்டை டிரெய்லர் சட்டென்று மடங்கும், நீளமானதைவிட இதுதான் கடினம். ஐந்து முறை முயன்றும் வரவில்லை என்றால் கழற்றிக் கையால் திருப்புங்கள். அதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

கொண்டை ஊசி வளைவில் டிரெய்லர் உள்பக்கமாக வெட்டும். ஆகவே ஜீப்பைக் கொஞ்சம் அகலமாக எடுக்க வேண்டும். சத்தியமங்கலத்திலிருந்து ஏறும் திம்பத்தில் 27, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலையில் 70 வளைவுகள். முதல் மலைக்குத் திம்பத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், லாரிகளோடு வளைவைப் பங்கிட வேண்டியிருக்கும், இரவுக் கட்டுப்பாடும் உண்டு. இறங்கும்போது ஏறிய கியரே. தனிப் பிரேக் இல்லாத டிரெய்லரின் எடை முழுவதும் ஜீப்பின் பிரேக்கில்தான் சாய்கிறது.

இரவில் தங்க, தெரிந்தவர் தோட்டமோ, தோட்டத்து வீடான சாளையோ அனுமதி கேட்டுப் பிடியுங்கள். சத்தியமங்கலம், ஆனைமலைப் புலிகள் காப்பகங்களில் வனத்துறை அனுமதியில்லாமல் கூடாரம் அடிக்க முடியாது. மலையடிவாரத் தோட்டமாக இருந்தால் அரிசி, உப்பு, வெல்லம், பழம் எதையும் இரவில் டிரெய்லரில் வைக்காதீர்கள். தோட்டத்துக்காரரின் வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். யானை வாசனை பிடித்து வந்தால், தகர மூடியைத் திறக்கப் பூட்டைத் தேடாது.